மீதி வாக்கியம் படத்தில்

ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினால் ஜூஜுவாடி வரைக்கும் கடைப் பலகைகளில் தமிழ் தெரியும். எல்லையைத் தாண்டி அத்திபெலே வந்ததும் எழுத்து கன்னடமாகிவிடும். ஜன்னலோரம் அம்மா மடியில் உட்கார்ந்து வரும் நாலு வயதுக் குழந்தைக்கு இந்த மாற்றம் புலப்படாது. இரண்டு எழுத்தும் அதற்கு இன்னும் வெறும் கோடுகள். ஆனால் ஓட்டல் பலகையில் வரைந்திருக்கும் ஆவி பறக்கும் இட்லியை அது வாசித்துவிடும். லாரியின் முதுகில் வரைந்த தாமரையை, பஞ்சர் கடை வாசலில் தொங்கும் டயரை, ஒன்று விடாமல் வாசித்துவிடும். எழுத்துத் தெரியாது, ஆனால் வாசிக்கத் தெரியும்: படப்புத்தகம் செய்யக் கற்றுக்கொள்கிறவர் முதலில் பழக வேண்டியது இந்த வாசகரோடு.

பழகுவது லேசு என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். பத்து வாக்கியம், பத்துப் படம், ஒரு முயல், ஒரு ஆமை. பேத்திக்குச் சொன்ன கதையை அப்படியே எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு. திரும்பி வரும் கதைகள் எல்லாமே மோசமான கதைகள் என்று சொல்ல முடியாது. வாயால் சொல்ல நன்றாக இருந்த கதை, பக்கங்களாகப் பிரித்து யோசிக்கப்படாமல் போயிருக்கும்.

அப்படி யோசிக்கப் பழகுவதற்கு பெங்களூர் வசதியான ஊர். பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற பதிப்பகம் 2004இல் இங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு புத்தகம் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதற்காக விலையைக் குறைத்து, பல இந்திய மொழிகளில் மெல்லிய படப்புத்தகங்களை அச்சிட்டது. 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று, ஸ்டோரிவீவர் என்ற இணையத் தளத்தைத் திறந்தது. அதில் இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் யாரும் படிக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். வரையத் தெரியாதவர் அங்கே இருக்கும் ஓவியங்களை எடுத்து வரிசைப்படுத்தித் தன் சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். பயிற்சிக்கு இதைவிட மலிவான பட்டறை கிடையாது.

அங்கே எழுதப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்வது நிலை என்ற சுவரில். முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடிய வேண்டும். எளிய சொற்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள். இரண்டாம் நிலைக்கு 600 சொல், மூன்றாவதற்கு 1,500, அதற்கு மேல் போனால் நான்காவது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கும் இப்படி நாலு படிகள் உண்டு. அவற்றின் பெயர்கள் இன்னும் அழகு: நுழை, நட, ஓடு, பற.

இந்தச் சொற்கணக்கில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று சின்னச் சொல்லாக வருவதைத் தமிழ் ஒன்றாக ஒட்டிவிடும். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்பது கணக்குக்கு ஒரு சொல். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கோ அது பன்னிரண்டு எழுத்து மலை. உச்சிக்குப் போவதற்குள் அடிவாரம் மறந்துவிடும். ஆகவே சொல்லை எண்ணினால் போதாது, எழுத்தை எண்ண வேண்டும், விகுதியை வெட்ட வேண்டும். ‘பள்ளி விட்டது. மீனா வந்தாள்.’ இப்படி இரண்டாக உடைத்தால் ஏறிவிடலாம். எண்ணிக்கை என்னவோ கூடத்தான் செய்கிறது.

எண்ணி எழுதுவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டாக்டர் சூஸ், பள்ளிப் பாடப்புத்தகங்களின் அலுப்பைப் போக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்ட சொற்பட்டியலை வைத்துக்கொண்டு 1957இல் தொப்பி போட்ட பூனையின் கதையை எழுதினார். அதில் மொத்தம் 236 வெவ்வேறு சொற்கள்தான் உண்டு.

அடுத்த பாடம் இன்னும் கடினம். எழுதியதை அழிப்பது.

பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் 1968இல் வெளியிட்ட ‘ரோசீஸ் வாக்’ என்ற புத்தகத்தை இந்தக் கலையைக் கற்பிக்கிற எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. எழுத்தில் இருப்பது அவ்வளவுதான், மொத்தம் 32 சொற்கள். படத்திலோ கோழிக்குப் பின்னால் ஒரு நரி வருகிறது. பாய்கிறது, குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே கிடையாது. வாசித்துக் காட்டும் பெரியவருக்குத் தெரியாத ரகசியம் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு ஏற்பாடு. ‘பின்னாடி பாரு, பின்னாடி பாரு’ என்று அது கத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

புதிதாக எழுதுகிறவரின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘சிவப்புச் சட்டை போட்ட மீனா, நீலக் குடையைப் பிடித்துக்கொண்டு, வாடிய முகத்தோடு மழையில் மெல்ல நடந்தாள்.’ சட்டை, குடை, முகம், மழை எல்லாம் படத்தில் வந்துவிடும். சிவப்பா பச்சையா என்று தீர்மானிப்பது ஓவியர் வேலை. மிஞ்சுவது ‘மீனா நடந்தாள்’. அதையும் கால்கள் சொல்லிவிடுகின்றன. அப்படியானால் எழுத்துக்கு என்னதான் வேலை? படத்தால் முடியாதவை சில உண்டு. இன்றோடு மூன்று நாளாக அவள் யாரோடும் பேசவில்லை என்பதைப் படம் சொல்லாது. காலம், பெயர், வாசனை, ஓசை, மனசுக்குள் ஓடுகிற பேச்சு ஆகியவை எழுத்தின் பங்கு. சில நேரம் அந்தப் பங்கும் தேவைப்படாமல் போகும். பிரியா குரியன் செய்த ‘அம்மச்சிஸ் கிளாசஸ்’ புத்தகத்தில் கண்ணாடியைக் காணாமல் ஒரு பாட்டி அடிக்கும் கூத்து முழுவதும் ஒரு சொல்கூட இல்லாமல் நடக்கிறது. சென்னையின் தூலிகா அதை வெளியிட்டது.

ஓசை விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர் கொடுத்து வைத்தவர். சளசள, மொறுமொறு, தகதக, கிடுகிடு என்று இலக்கணமே இரட்டைக்கிளவியாக அடுக்கி வைத்திருக்கிறது. தொப், மடார், சரேல் என்று ஒற்றைகள் வேறு. ஓவியர் அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’யில் பெரிய யானை ஒன்றுக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. யானை போடும் தும்மல் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வாசித்துக் காட்டுகிறவர் கௌரவம் பார்க்காமல் தும்மியாக வேண்டும். குழந்தைகள் மறுபடி மறுபடி அந்தத் தும்மலுக்காகவே புத்தகத்தைக் கொண்டுவருவார்கள்.

இனி பக்கக் கணக்கு. ஒரே தாளில் அச்சாகும் பக்கங்களின் தொகுப்பை அச்சகத்தில் பாரம் என்பார்கள். பெரிய தாளை மடித்தால் எட்டு, பதினாறு என்று பக்கங்கள் விழும் என்பதால் படப்புத்தகங்கள் 16, 24, 32 பக்கங்களில் நிற்கின்றன. கற்றுக்கொள்கிறவர் கணினியைத் திறப்பதற்கு முன் நாலு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் மடித்து, முதுகில் பின் அடித்தால் 16 பக்க டம்மி தயார். முதல் பக்கம் தலைப்புக்கு, இரண்டாவது பதிப்பு விவரத்துக்கு. மூன்றாம் பக்கத்தில் கதை ஆரம்பமாகும். அதற்குப் பிறகு எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்து ஆறு விரிப்புகள், கடைசியில் ஒற்றைப் பக்கம் ஒன்று. கதை முழுவதும் இதற்குள் அடங்கியாக வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பவே நாலு விரிப்பு எடுத்துக்கொண்ட கதாநாயகனுக்குக் காட்டில் சுற்ற இரண்டுதான் மிஞ்சும். டம்மியில் தீப்பெட்டி அளவுக்குக் கிறுக்கிப் பார்க்கும்போதுதான் இது கண்ணில் படும். எழுத்தாகப் படித்துப் பார்த்தால் படவே படாது.

இந்த விரிப்புகளை வைத்து மாயம் செய்தவர் மாரிஸ் செண்டாக். 1963இல் வந்த அவருடைய ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்தில் சேட்டைக்காரப் பையன் ஒருவனை அம்மா இரவுச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்புகிறாள். அப்போது படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. அவன் கற்பனை வளர வளரப் படமும் வளர்ந்து வெள்ளையைத் தின்கிறது. பூதங்களோடு ஆட்டம் போடும் மூன்று விரிப்புகளில் எழுத்துக்கு இடமே இல்லை. வீட்டு நினைப்பு வந்ததும் படம் மறுபடி சுருங்கத் தொடங்குகிறது. குழந்தைக்கு இந்த உத்தி தெரியாது. அறை பெரிதாவது மட்டும் தெரியும்.

பக்கம் திருப்புவதிலும் தமிழுக்கு ஒரு சலுகை உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘நரி எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் எட்டியது. தலைகீழாகக் கிணற்றுக்குள்’ என்று வலப்பக்கத்தின் ஓரத்தில் நிறுத்திவிடலாம். என்ன ஆயிற்று என்பது தாளுக்குப் பின்னால் இருக்கிறது. திருப்பினால்தான் ‘தொப்!’ வினையை முன்னாலேயே சொல்லிவிடும் ஆங்கில வாக்கியத்துக்கு இந்த வசதி சுலபமாகக் கிடைக்காது. மொழிபெயர்ப்புப் புத்தகங்களை மட்டும் பார்த்து எழுதப் பழகியவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டே தவறவிடுகிறார்கள்.

ஓவியர்கள் எங்கே கற்றார்கள்? ஒரு தலைமுறைக்கு அம்புலிமாமாதான் பள்ளிக்கூடம். 1947 ஜூலையில் சென்னையில் பிறந்த அந்தப் பத்திரிகையில் 1952இல் சேர்ந்தவர் கே.சி. சிவசங்கரன் என்ற சங்கர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துக் கலைமகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை அவர் வரைந்த விதத்தில்தான் இன்றும் எல்லோரும் நினைத்துப் பார்க்கிறார்கள். 2020இல் 96 வயதில் காலமானார். அதே அம்புலிமாமாவில் மகாபாரதக் காட்சிகளை வரைந்து பேர் வாங்கிய எம்.டி.வி. ஆச்சார்யா கர்நாடகக்காரர். பின்னாளில் அவர் பெங்களூரிலிருந்து தபால் வழியாக ஓவியம் சொல்லிக்கொடுத்தார். எங்கோ ஒரு ஊரில் ஒரு பையன் வரைந்து அனுப்புவான். தாள் திருத்தத்தோடு திரும்பி வரும். இன்றைக்கு அதே நகரத்தில் சித்ரகலா பரிஷத் இருக்கிறது, ஸ்ருஷ்டி வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் ஒரே முகத்தைப் பதினாறு பக்கங்களுக்குப் பிசகாமல் கொண்டுபோகும் கஷ்டம் எந்தக் கல்லூரியிலும் குறைந்துவிடவில்லை. அதனால்தான் கதைக்குள் போகுமுன் பாத்திரத்தை முன்னிருந்து, பின்னிருந்து, சிரித்து, அழுது, குந்தி, ஓடி என்று ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் மூன்று பொத்தான் வைத்த சட்டைக்கு ஒன்பதாம் பக்கத்தில் நாலு பொத்தான் வந்தால் பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். ஆறு வயது ஆசாமி விடமாட்டார்.

கையின் திறமைக்கு முன்னால் பார்வை ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துக் கோண்ட் ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், ஒரு உணவகச் சுவரில் வரைவதற்காக லண்டனுக்குப் போய் இரண்டு மாதம் தங்கினார். பார்த்ததை வைத்துச் சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ கொண்டுவந்தது. அதில் பிக் பென் கடிகாரம் சேவலாகிறது. இரண்டும் நேரம் சொல்பவை அல்லவா. பாதாள ரயில் மண்புழு. அவர் தினமும் ஏறிய பஸ் விசுவாசமான நாய். அத்திபெலே சுங்கச்சாவடியில் வரிசையாக வாய் திறந்து நிற்கும் தடுப்புகளை அவர் பார்த்திருந்தால் என்னவாக வரைந்திருப்பார் என்று யோசித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. கொக்குக் கூட்டமாகவா, கையைத் தூக்கித் தூக்கி இறக்கும் டிரில் மாஸ்டர்களாகவா?

ஒரே படத்துக்குப் பல மொழிகளில் எழுத்துப் போடுவது இந்தியப் படப்புத்தகத்தின் தனி லட்சணம். 1996இல் தொடங்கிய தூலிகா ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. இதன் பின்னால் ஒரு அச்சக சூட்சுமம் உண்டு. நாலு கலர் அச்சில் எழுத்தைக் கறுப்பில் மட்டும் வைத்தால், மொழி மாறும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். மற்ற மூன்றும் அப்படியே ஓடும். அதனால் ஓவியர் ஆசைப்பட்டு நீல இரவின் நடுவே எழுத்தை வெள்ளையில் விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும். எழுத்துக்கு விடும் இடமும் தாராளமாக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிந்தது தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றரை வரியாக நீண்டு யானையின் காலில் ஏறிவிடும். உறவுமுறையும் இடிக்கும். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று வருகிறவர் தமிழில் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? படத்தில் அவருக்கு நரை போட்டாயிற்று என்றால் சித்தப்பா என்று எழுத முடியாது.

எல்லையோர ஊரில் இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை. அத்திபெலே, ஆனேக்கல் பக்கங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் தெருவில் தெலுங்கும் உருதுவும் கலந்து புழங்கும். பள்ளியில் கன்னடப் பிரதியைப் படித்த பிள்ளை, அதே படத்தைக் காட்டித் தமிழ்ப் பிரதியைப் பாட்டியிடம் வாசிக்கச் சொல்லலாம். ஊர்ப் பெயரின் முதல் பாதியான ‘அத்தி’ இரண்டு மொழியிலும் ஒரே மரத்துக்குப் பெயர். அதைத் தலைப்பில் வைத்தால் கறுப்பு பிளேட்டில் எழுத்து மாறும், உச்சரிப்பு மாறாது.

தமிழ்ப் பிரதி எந்தத் தமிழில் இருக்க வேண்டும் என்பதுதான் தீராத வழக்கு. ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’ என்று எந்தக் குழந்தையும் பேசாது. ‘வந்துட்டாங்க’ என்று அச்சடித்தால் ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். பலரும் கைக்கொள்ளும் வழி, கதை சொல்லும் குரலுக்கு எளிய எழுத்துத் தமிழ், பாத்திரங்களின் வாய்க்குப் பேச்சுத் தமிழ். எளிய எழுத்துத் தமிழ் என்றால் எப்படி என்று கேட்கிறவர்கள் ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமக’னைப் புரட்டலாம். அவர் 1878இல் பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குப் பக்கத்துக் கிராமம்தான்.

இன்னொரு பழக்கம் நீதி. கடைசிப் பக்கத்தில் தாத்தா விரலை நீட்டாமல் தமிழில் கதை முடிவது அபூர்வமாக இருந்த காலம் உண்டு. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய அழ. வள்ளியப்பா, பாட்டின் சந்தத்தையும் குழந்தையின் சிரிப்பையும் முன்னால் நிறுத்தினார். புத்திமதி அதற்குப் பின்னால் வந்தால் வரட்டும் என்பது போல. இன்று நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றி அவர்களிடமே பேசுகிறது. ஆனால் இத்தகைய நாவல்களுக்குக் கிடைத்த கவனம் தமிழிலேயே யோசித்து வரையப்பட்ட படப்புத்தகங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. மராத்தியில் எழுதவும் வரையவும் செய்கிற மாதுரி புரந்தரே, 2016இல் பராக் அமைப்பின் முதல் பிக் லிட்டில் புக் விருதைப் பெற்றார். அப்படி இரண்டு கையாலும் வேலை செய்கிறவர்களைத் தமிழில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வரையத் தெரியாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஓவியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. படப்புத்தகப் பதிப்பகங்கள் பெரும்பாலும் கதையை மட்டும் கேட்கும். ஓவியரைத் தாங்களே அமர்த்தும். எழுதியவரும் வரைந்தவரும் புத்தகம் முடியும்வரை சந்திக்காமலே போவதும் உண்டு. வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை: புத்தக விலையில் பத்து சதவீதம் என்ற வழக்கமான ராயல்டியை இருவரும் பங்கு போட்டுக்கொள்வதும், விலை நூறு ரூபாய்க்குள் இருப்பதும் சகஜம். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குகிறவர் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. வள்ளியப்பாவே வங்கி வேலையில் இருந்துகொண்டு எழுதியவர்தான்.

டம்மிக்கு வேண்டிய நாலு தாளும் ஒரு ஸ்டேப்ளரும் அத்திபெலே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். பின் அடித்து முடித்ததும் அக்கம்பக்கத்தில் ஐந்து வயதில் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும். சொந்தப் பிள்ளை வேண்டாம், அது மரியாதைக்காகக் கேட்கும். வாசிக்கும்போது கதையைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். நாலாம் பக்கத்தில் வரி முடிவதற்குள் அது தாளைத் திருப்பிவிட்டால், அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஏழாம் பக்கத்தில் திருப்ப விடாமல் படத்தின் மூலையில் விரலை வைத்து ‘இது யாரு?’ என்று கேட்டால், ஓவியருக்குக்கூட மறந்துபோன ஒரு பூனை அங்கே உட்கார்ந்திருக்கும். அடுத்த டம்மியில் அந்தப் பூனை மூன்றாம் பக்கத்திலிருந்தே வர வேண்டியிருக்கும்.